கட்டைவிரல்

பிசியோதெரபி மூன்றாம் வருடம் படிக்கும் மெர்சிலின் நேற்று அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டாள். லாரி கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிந்த சுடலைமுத்துவின் உணர்ச்சியற்ற தொடையில் கட்டைவிரலை அழுத்தி, "காலை மடக்கப் பாருங்கண்ணே" என்றபோது உள்ளே ஏதோ துடித்தது. "உயிர் இருக்குக்கா!" என்று அவர் மனைவி பேச்சியிடம் கத்தியேவிட்டாள்.

இன்று பேச்சி மொட்டைத்தலையும் சந்தனமுமாக, கையில் திருச்செந்தூர் இலை விபூதியோடு கட்டிலருகே நின்றாள்.

மெர்சிலின் மறுபடி அழுத்தினாள். துடித்தது. ஆனால் அவரை மடக்கச் சொல்வதற்கு முன்பே துடித்தது, ஒரே சீராக. விரலை எடுத்துக் கட்டிலின் இரும்புக்கம்பியில் வைத்து அழுத்தினாள். இரும்பும் துடித்தது. கட்டைவிரலை வைத்துப் பார்க்காதே, உன் நாடிதான் உனக்குத் தட்டுப்படும் என்று முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

சுடலைமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேத்து நான் சொன்னது…"

அதற்குள் பேச்சி குனிந்து, தன் கட்டைவிரலைப் புருஷனின் தொடையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா பாப்பா," என்றாள். "எனக்கும் தெரியுது. நல்லாத் துடிக்குல்லா!"