கெணத்து மேல உக்காந்த மோட்டாரு

கெணத்து மேல ஒரு மோட்டாரு உக்காந்திருந்துச்சு. இருபத்தஞ்சு அடிக்குக் கீழ இழுக்க அதுக்கு மூச்சு பத்தாது. தண்ணியோ அறுபது அடிக்குப் போயிருச்சு. கடைக்காரரு, தண்ணிக்குள்ளயே எறங்குற மோட்டாரைத்தான் வாங்கச் சொன்னாரு. வாங்கப் போன தவசிதான், "கண்ணு முன்னாடி இருந்தாத்தான்யா எனக்குத் தூக்கம் வரும்"னு இதைத் தூக்கியாந்தாரு.

வீட்டுல இருந்ததே ரெண்டு கொடம் தண்ணி. வாயி நெறஞ்சாத்தான் மோட்டாரு இழுக்கும்னு, அதுல ஒண்ணை அது வாயில ஊத்தி, சுவிட்சைப் போட்டாரு.

கெணத்துக்குள்ள எறங்குன குழாய் நுனியில, ஊத்துன தண்ணி கீழ ஒழுகாமத் தடுக்க வேண்டிய புட்வால்வு, வாசரு கிழிஞ்சு தொங்குச்சு.

"டேய் ஓட்டவாயா, தண்ணி தட்டுப்படுதா?"ன்னுச்சு மோட்டாரு.

"காத்துதாண்ணே... அய்யோ, வந்துருச்சுண்ணே! சில்லுனு நனையுறேன்!"

"மேல இருந்தா, கீழ இருந்தாடா?"

"மேல இருந்துதான்."

"அது எனக்கு ஊத்துனதுடா, நாசமாப் போறவனே!"

ஒழுகுன தண்ணி கெணத்துக்குள்ள சொளக்குனு விழுந்துச்சு. தவசிக்கு மொகமெல்லாம் பல்லு. "ஏ பவுனு, தண்ணி ஏறி வருதுடி! சத்தம் கேக்குது! குடிக்க வெச்ச கொடத்தையும் கொண்டா!"

"வேணாம்மா, ஊத்தாதே!"ன்னு மோட்டாரு உசுரு போகக் கத்துச்சு.

அந்த உறுமலைக் கேட்டு, "மோட்டாரு தண்ணியப் பிடிச்சிருச்சு போலயே!"ன்னு பவுனு கொடத்தோட ஓடி வந்தா.