கணீரென்று சொன்ன டைல்

புது வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய டைல்கள் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. கதவோரத்து டைலுக்கு அடியில் இண்டு இடுக்கு இல்லாமல் சிமென்ட் கலவை நிரம்பியிருந்தது. ஜன்னலோரத்து டைலுக்கு நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு கலவை உருண்டை மட்டும். மற்றபடி அடியில் வெறும் காற்று.

"எனக்கு அடிவயிறு காலியா இருக்கு. பயமா இருக்கு" என்றது ஜன்னலோரத்து டைல்.

"வீட்டுக்காரர் தட்டிப் பார்ப்பார். உன்னைப் பெயர்த்து ஒழுங்காப் பதிக்கச் சொல்வார்" என்றது கதவோரத்து டைல்.

வீட்டுக்காரர் தணிகாசலம் வந்தார். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய கை. கணீரென்றால் நல்ல பானை, டொக்கென்றால் விரிசல். குனிந்து, விரலை மடக்கித் தட்டினார். அடியில் காற்று இருந்த ஜன்னலோரத்து டைல் கணீரென்றது. அடி நிரம்பியிருந்த கதவோரத்து டைல் டொக்கென்றது.

"இது செத்த சத்தம் போடுது மேஸ்திரி. எடுத்துட்டு, அந்த ஜன்னலோரத்து டைல் மாதிரியே போடுங்க."

"சரிங்க" என்று மேஸ்திரி உளியை எடுத்தார்.

கதவோரத்து டைல் லேசில் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. "நீயாவது உண்மையைச் சொல்லேன்!" என்று கத்தியது.

அந்த இடத்தில் புது டைல் ஒன்று உருண்டைகள் மேல் வந்து படுத்தது. "எனக்கு அடிவயிறு காலியா இருக்கே!"

"சும்மா இரு. தட்டும்போது மட்டும் கணீர்னு சொல்லு" என்றது ஜன்னலோரத்து டைல்.

வாசலில் நாலு பேர் இரும்பு பீரோவை மூச்சுமுட்டத் தூக்கி வந்தார்கள்.

"ஜன்னலோரமா இறக்குங்கப்பா" என்றார் தணிகாசலம். "அங்கதான் தரை நல்லா இருக்கு."