பொட்டு வைத்த குழாய்

தேயிலை மலைச்சரிவில் புதிதாகக் கட்டிய வீட்டின் முற்றத்தில் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். "வீட்ட அரசாங்கம் கட்டுச்சு, தண்ணி லைன சபைதான் இழுக்கணும்" என்கிறார் தோட்ட நிர்வாகத்து ஐயா. "காணி தோட்டத்துதுங்க, செலவும் தோட்டத்தோடதுதான்" என்கிறார் பிரதேச சபைக்காரர். வெயில் ஏறியும் இருவருக்கும் வாய் ஓயவில்லை. பழைய லயக் குடியிருப்பின் ஊற்றுப் பீலியில் பிடித்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்து மேடேறி வந்த வீட்டுக்காரி லீலாவதி, அதை வாசற்படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறாள். பால் காய்ச்சிய அன்று புதுக் குழாய்க்கு அவள் வைத்த சந்தனப் பொட்டு, ஒரு சொட்டு ஈரமும் படாமல் வெடித்துக் கிடக்கிறது. பேசிப் பேசித் தொண்டை வறண்ட சபைக்காரர், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்கிறார். லீலாவதி குடத்தின் வாயைத் தட்டால் மூடிவிட்டு, குழாயைக் காட்டுகிறாள். "அந்தா இருக்கு, புடிச்சுக் குடிங்க சார்."