டிக் அடிக்காத வேலை

“சர்வர் டவுன் ஆத்தா. அடுத்த வியாழக்கெழம வாங்க.”

ஜெசி கூசாமல் சொன்னாள்.

மொக்கம்மாள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை மேசைக்கடியில் வைத்துவிட்டு, ஜெசியைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனாள். வாசலில் பைக்கோடு காத்திருந்த சின்ன மகன் கர்ணன், “இன்னைக்கும் கிடைக்கலையா?” என்று கத்துவது கடைக்குள் கேட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த உமாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டவுனாமில்ல, டவுனு! இவள் கம்ப்யூட்டரில் அதே நேரம் ரெண்டு வருமானச் சான்று பிரிண்டாகி விழுந்துகொண்டிருக்கிறது. ஏமாற்றுகிறவளுக்கு முருங்கைக்காயும் கொடுத்துக் கும்பிடும் போடுகிறதே இந்தம்மா!

பண்ணைப்புரத்தில் ஜெசியின் இ-சேவைக் கடைக்கு உமாதேவி வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே ஜெசி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஏத்தா, இந்தக் கம்ப்யூட்டர்ல வேலை லிஸ்ட்டுன்னு ஒரு ஆப் இருக்கு. காலையில வந்ததும் அதத்தான் தெறக்கணும். முடிஞ்ச வேலைக்கு டிக் அடிச்சிரணும். முடியாதது மறுநாள் செவப்புல நிக்கும். செவப்பு நின்னா எனக்குச் சோறு எறங்காது.”

அப்படிப்பட்டவள் லிஸ்ட்டில்தான் ஒரே ஒரு வரி எட்டு மாசமாய்ச் சிவந்து கிடந்தது.

‘மொக்கம்மாள் – மூத்த மகன் ஈஸ்வரபாண்டி – இறப்புச் சான்று – பிரிண்ட்.’

ஈஸ்வரபாண்டி கேரளாவில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் மலையேறிப் போனவன். போன வருசம் மழையில் மண் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். கேரளா ஆபீஸில் சான்று எப்போதோ தயார். மனு நம்பரைக்கூட ஜெசி அந்த வரிக்குக் கீழேயே குறித்து வைத்திருக்கிறாள். நம்பரை அடித்தால் ரெண்டே நிமிஷ வேலை.

“ஏங்க்கா அந்தம்மாவ இப்பிடி அலைய விடுறீக?” பொறுக்க முடியாமல் உமாதேவி அன்றைக்குக் கேட்டே விட்டாள்.

“உனக்கெதுக்கு அந்தக் கவல? வேற எதுல வேணா கை வையி. அந்த வரியில மட்டும் வச்சிராத.”

சாயங்காலம் முருங்கைக்காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜெசி வீட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமா பிடுங்கித் தின்பது? மேசையில் மாதா படம் வேறு! உமாதேவிக்கு மனசு ஆறவே இல்லை.

அடுத்த வியாழன், ஜெசி ராயப்பன்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு மொக்கம்மாள் வந்தாள்.

“ஜெசி இல்லையா தாயி? அப்ப நான் அடுத்த வாரம் வாரேன்.” சொல்லிக்கொண்டே திரும்பிவிட்டாள்.

“அட, உக்காருங்க ஆத்தா. நான் இருக்கேன்ல!”

உமாதேவி நம்பரை அடித்தாள். பிரிண்டர் கரகரத்தது. காகிதம் வெளியே வந்ததும் லிஸ்ட்டைத் திறந்து டிக் அடித்தாள். டிங் என்றது. எட்டு மாசச் சிவப்பில் கோடு விழுந்து, அந்த வரி மங்கலாகி அடியில் போய் உட்கார்ந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“இந்தாங்க ஆத்தா. இனிமே நீங்க அலைய வேணாம்.”

மொக்கம்மாள் கையை நீட்டவில்லை.

“என்ன தாயி எழுதியிருக்கு?”

“உங்க மகன் பேரு இருக்கு. உங்க பேரு இருக்கு. அப்புறம்... எறந்த தேதி.”

“தேதி போட்டுட்டாகளா?”

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. உமாதேவிக்கு ஒன்றும் புரியவில்லை.

“அஞ்சு பேரு ஒடம்பு வந்துச்சு தாயி. எம்புள்ள ஒடம்பு வரல. காணோம்னுதான வந்து சொன்னாக? காணாமப் போனவுகளையும் செத்த கணக்குல எழுதிட்டாகளாம். எங்கிட்டாவது கிடந்து பொழச்சிருப்பான்னு நான் இருக்கேன். வீடு மூத்தவன் பேர்ல இருக்கு, பட்டாவ மாத்தணும், காயிதத்த வாங்குன்னு சின்னவன் வாராவாரம் கூட்டியாந்து விடுறான். அவனையும் சொல்லிக் குத்தமில்ல, புள்ளகுட்டிக்காரன். நாந்தான் ஜெசி கையப் புடிச்சு அழுதேன். ஏதாச்சும் பொய் சொல்லி என்னயத் திருப்பி அனுப்பிரு ஆத்தா, அந்தப் பாவம் எனக்கு வரட்டும்னு. அந்தப் புள்ளதான் இம்புட்டு நாளும் எம்மகனச் சாகவிடாம வச்சிருந்துச்சு.”

உமாதேவியின் கையில் காகிதம் இன்னும் சூடாக இருந்தது.

மொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிண்டரைப் பார்த்தாள்.

“இதத் திரும்ப அதுக்குள்ளயே போட முடியாதா தாயி?”

உமாதேவி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். நல்லது செய்கிறேன் என்று என்ன காரியம் செய்துவிட்டோம்!

வாசலில் பைக் ஸ்டாண்ட் போடும் சத்தம். “எம்மா, என்னாச்சு? இன்னைக்காவது குடுத்தாகளா?” கர்ணன் படியேறி வந்துகொண்டிருந்தான்.

உமாதேவி காகிதத்தை டிராயருக்குள் தள்ளிச் சாத்தினாள். மவுஸை நகர்த்தி டிக்கை எடுத்தாள். அடியில் கிடந்த வரி மறுபடி மேலே வந்து சிவப்பாய் நின்றது.

கர்ணன் உள்ளே வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்து, கூசாமல் சொன்னாள் உமாதேவி.

“சர்வர் டவுன்ணே. அடுத்த வியாழக்கெழம வாங்க.”