கடலைக் கட்சியும் பொடிக் கட்சியும்

“அண்ணே, இது ஜிம்மா, இல்ல உங்க சமையக்கட்டா? உள்ள நுழைஞ்சாலே அவிச்ச முட்டை வாசனை ஆளைத் தூக்குது!”

“வாசனையாவது தூக்குதேடா! உன் டப்பாவைக் கரைச்சுக் குடிச்சவன் இதுவரைக்கும் எதைத் தூக்கினான்?”

அந்த உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் இருந்தது ஒரே ஒரு விற்பனை ஜன்னல். அதன் இடப்பாதியில் அண்ணன் அவித்த கொண்டைக்கடலை, முட்டை, வாழைப்பழம் ஆகியவற்றை விற்றார். வலப்பாதியில் தம்பி புரோட்டீன் பவுடர் டப்பாக்களைக் கூரை முட்ட அடுக்கியிருந்தான். பதினெட்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பிறர் சொன்னதையே சமைத்த அண்ணனுக்கு, தனக்கென்று வாய்த்த முதல் கடை அந்த அரை ஜன்னல்தான்.

“ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா?”

குரல் கொடுத்தவர் அண்ணனின் மனைவி. கூடத்தின் உரிமையாளரும் பயிற்சியாளரும் அவரே. எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

“போன மாசம் மட்டும் பதினோரு பேர் நின்னுட்டாங்க. ஆறு மாசம் முக்கியும் ஒரு கிலோகூட ஏறலையாம். நீங்க வாசல்ல குஸ்தி போட்டா மிச்சம் இருக்கிறவங்களும் ஓடிருவாங்க. அப்புறம் ஜன்னல் என்ன, கதவையே சாத்த வேண்டியதுதான்!”

“அவங்களை என்கிட்ட விடுங்க அண்ணி. காலைல ரெண்டு ஸ்கூப், சாயங்காலம் ரெண்டு ஸ்கூப். ஒரே மாசத்துல யானை பலம் வந்துரும்!”

“யானை என்ன உன் பவுடரையாடா தின்னுது? தழையைத்தானே தின்னுது!” என்றார் அண்ணன்.

பயிற்சியில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“சரி, போட்டி வெச்சுக்கலாம். பத்துப் பேர் கடலை, பத்துப் பேர் பவுடர். பெஞ்ச் பிரஸ்ல மல்லாந்து படுத்து யார் எத்தனை கிலோ தூக்குறாங்கன்னு இன்னிக்கே எழுதிக்கிறேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி தூக்கட்டும். எந்தக் கட்சி அதிகம் ஏறுதோ அதுக்கு முழு ஜன்னல். தோத்தவர் மூட்டையைக் கட்டணும். புருஷன், கொழுந்தன்னு நான் பார்க்க மாட்டேன்.”

அந்த மாதம் முழுவதும் ஊரார்க்கு உணவு ஊட்டிய அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கடலைக் கட்சியினர் ஒவ்வொருவரையும் துரத்தித் துரத்தித் தின்னவைத்தார்.

“போதும் சார்! இன்னொரு முட்டை தின்னா நானே அடைகாக்க உக்காந்துருவேன்!” என்று கும்பிட்டார் தபால்காரர்.

மறுபுறம், பொடிக் கட்சியில் சேர்ந்த பல் மருத்துவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குவளையைக் காலி செய்தார். “சாக்பீஸைக் கரைச்ச மாதிரி இருக்கு தம்பி. என்கிட்ட வர்ற நோயாளிங்க ஏன் அழுறாங்கன்னு இப்பத்தான் புரியுது.”

போட்டி நாள் வந்தது.

நாற்பது கிலோவுக்கே நாக்குத் தள்ளிய பல் மருத்துவர், ஐம்பதைத் தூக்கிவிட்டு வீலென்று கத்தினார். பொடிக் கட்சி கூத்தாடியது. அடுத்துப் படுத்த தபால்காரர் ஐம்பதிலிருந்து அறுபதுக்குத் தாவினார். எழுந்தவர், கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொன்றாக மாட்டியிருந்த இரும்புத் தட்டுகளின் எண்களை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கம்பிக்கு முத்தம் கொடுத்தார்.

“நானா? நானா தூக்கினேன்? என் பொண்டாட்டிக்கு யாராவது போன் போடுங்கய்யா!”

அதன்பின் கூடம் கூடமாக இல்லை. தையற்காரர் தூக்கினார், கணக்கர் தூக்கினார், இரு கட்சியிலும் தூக்காதவர் இல்லை. மகிழ்ச்சி தாளாத தபால்காரர் தையற்காரரையே தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, இருவருமாக மெத்தைமேல் உருண்டார்கள்.

மாஸ்டர் ஏட்டைப் பார்த்து அறிவித்தார். “இருபது பேரும் ஆளுக்குப் பத்துக் கிலோ ஏறியிருக்கீங்க. ரெண்டு கட்சியும் சமம். ஜன்னல் பழையபடி ஆளுக்குப் பாதி!”

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இந்த வருஷம் மட்டும் இல்ல மாஸ்டர், ஆயுசுக்கும் இங்கதான்!” என்று தபால்காரர் முழங்க, மற்றவர்கள் கை தட்டினார்கள். செய்தி எப்படிப் பரவியதோ, விட்டுப்போன பதினோரு பேரில் எட்டுப் பேர் துண்டும் தோளுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

தம்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான்.

“அண்ணே, உங்க கடலையிலயும் ஏதோ சத்து இருக்குண்ணே!”

“உன் பவுடரும் முழு மோசம்னு சொல்ல முடியாதுடா,” என்றார் அண்ணன்.

இருபது பேருடைய உடம்பையும் ஒரே மாதத்தில் தேற்றிய பெருமிதத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் முட்டையை மனைவிக்கே ஊட்டிவிட வேண்டும் என்று, தட்டும் கையுமாகப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே இரும்புத் தட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, வெள்ளைச் சாயமும் தூரிகையுமாக ஒருவர் குந்தியிருந்தார். வந்தவரைக் கவனிக்காமல், அருகே நின்ற மாஸ்டரிடம் அவர் கேட்டார்:

“போன மாசம் எழுதின மாதிரியே, இந்த மாசமும் ஒவ்வொரு தட்டுலயும் அஞ்சு கிலோ கூட்டி எழுதிரட்டுமா மாஸ்டர்?”