கணக்கில்லாத நோன்பு

“மிஸ், ருமைசா சாமான் அறையில ஒளிஞ்சு நின்னு ரொட்டி திங்கிறா.”

நாலாம் வகுப்பே திரண்டு வந்து கோள் சொன்னது. ஜோர்டானின் இர்பித் நகர வெயிலில் நோன்போடு நின்ற ஹனான் டீச்சர் எரிச்சலோடு நடந்தாள்.

உடற்பயிற்சிப் பாய்களுக்கு முன்னால், பாதி கடித்த ரொட்டியோடு ருமைசா நின்றுகொண்டிருந்தாள்.

“வகுப்பே நோன்பு. இவளுக்கு மட்டும்தான் வயிறு இருக்கு போல,” என்றாள் கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, ஜுமானா.

“வாயை மூடு. அவளுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். அவகிட்ட அல்லாவே கணக்குக் கேக்க மாட்டான். நீ யாருடி கேக்க?”

பிள்ளைகள் கலைந்தார்கள். தன் பெருந்தன்மை ஹனானுக்கே பிடித்திருந்தது.

நோன்பு வைத்தவர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு காகிதப் பிறையை வகுப்புச் சுவரில் ஒட்டுவது அவள் வழக்கம். ஒன்றுகூட விடாமல் வாங்கியிருப்பவள் அதே வகுப்பில் படிக்கும் அவளுடைய மகள் தாலீன். வியாழக்கிழமை பெற்றோர் முன்னால் அவளுக்குத்தான் கிரீடம்.

“நானும் நோன்பு மிஸ்” என்று ருமைசாவும் தினம் வந்து நிற்பாள். “உனக்கு அதெல்லாம் கிடையாது கண்ணு” என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிடுவாள் ஹனான்.

“சரி, சாப்பிட்டு முடி. தண்ணி வேணுமா?”

“வேணாம் மிஸ். நோன்பு.”

உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது.

“அப்போ இந்த ரொட்டி?”

“சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் மிஸ். யாராவது வந்தா நான்தான் தின்னேன்னு சொல்லணுமாம். எனக்குத்தான் கணக்கு இல்லையே. சொன்னா அவளோட பிறையில ஒண்ணு தருவாளாம்.”

“யாரு தருவா?”

ருமைசா திரும்பிப் பார்த்தாள். பாய்களுக்குப் பின்னால், ஹனான் பெருநாளுக்கென்று மகளுக்கு வாங்கிக் கொடுத்து, அவள் அடம்பிடித்து இன்றே போட்டுக்கொண்டு வந்த நீலக் காலணி தெரிந்தது.

ஜுமானா இன்னும் வாசலிலேயே நின்றாள்.

“என்ன மிஸ் சொல்றா அவ?”

ஹனான் அந்தக் காலணியை மறைத்து நின்றுகொண்டாள்.

“என்னத்தைச் சொல்லுவா, பாவம். பசி தாங்கலையாம்.”

கடைசி மணிக்கு முன்னால் பிறைகளை ஒட்டினாள். தாலீனுடையதை ஒட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவள் ருமைசாதான். அந்தப் பிறை அவளுக்கு வரப்போகிறதாம்.