ஊதாவுக்கு அந்தப் பக்கம்

டியூப்லைட்டைப் போட்டதும் அவன் கத்திவிட்டான்.

"அணைச்சுடு."

அவள் அணைத்தாள்.

மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது ஒன்றும் இல்லை. ரசம் கேட்டு இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டான். இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில், இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாயில் சுருண்டு கிடக்கிறான். மணலை அள்ளிக் கொட்டியது போல இருக்கிறதாம்.

வெல்டிங் பார்த்திருக்கிறான்.

வெறுங்கண்ணால்.

அவளுக்குப் புருஷன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இத்தனை வருஷமாக வெல்டர். நாச்சிமுத்து வைத்த வெல்டு விட்டுப் போகாது என்று கரூர் பூராவும் பேச்சு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற தப்பை இவன் செய்துவிட்டு வந்து நிற்கிறான். தலையில் மாட்டி முகம் முழுக்க மூடுகிற கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கம்பியைக் கையில் எடுக்க மாட்டானே.

பத்தாம் வகுப்பில் அவள் படித்திருக்கிறாள். வானவில்லில் சிவப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுடும், விலகிக்கொள்ளலாம். ஊதாவுக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதுவும் தெரியாது. படும்போது சுடவும் சுடாது. பட்டவன் பாட்டுக்கு வீட்டுக்கு வருவான், சோறு தின்பான்.

வலி பிறகு வரும்.

பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ராமாத்தாள் வாசலில் வந்து நின்றாள். இந்த வரிசையில் பாதி வீடு பட்டறைக்காரர்கள் வீடு. கண்ணில் வெல்டிங் அடித்தால் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாயைத் திறந்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

தாய்ப்பால்.

கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டால் எரிச்சல் அடங்கும் என்பார்கள். டம்ளரோடு போய் நின்றால் எந்தக் கைக்குழந்தைக்காரியும் இல்லை என்று சொன்னதில்லை.

"எங்கியாச்சும் கேட்டு வாங்கியாறேன். இரு கண்ணு."

ராமாத்தாள் டம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

இவள் ஜாக்கெட்டுக்குள் மல்லிகை கட்டியிருந்தது. பால் வற்றுவதற்காக ராமாத்தாள்தான் தினமும் புதுப் பூ வைத்துக் கட்டிவிடுகிறாள். பிள்ளை, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள். பாலுக்கு அது தெரியவில்லை. வேளை தவறாமல் கட்டிக்கொண்டு வலித்தது. நேற்றுதான் அடங்கியது. மல்லிகை வாசம் என்றாலே இப்போதெல்லாம் அவளுக்குக் குமட்டுகிறது.

அவன் அழவில்லை.

குழிக்குள் மண்ணைத் தள்ளும்போதுகூட அழவில்லை. மறுநாளே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரும்போடு கிடந்து இரும்பாகவே ஆகிவிட்டது அந்த மனுஷன் என்று ராமாத்தாளிடம் சொன்னாள். அவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இப்போது அவன் கன்னமெல்லாம் தண்ணீர்.

இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். ஆனால் இது வெல்டிங் தண்ணீர்.

"கண்ணாடி எங்க போச்சு?"

அவன் உள்ளங்கையைக் கண்ணில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"கேக்கறனில்ல?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சட்டை திறந்திருந்த இடத்தில் கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"உள்ள அழுதா கண்ணாடி மங்கிப் போகுது அம்மிணி. கம்பி தெரிய மாட்டேங்குது. தெனமும் தொடச்சுத் தொடச்சு மாட்டுனேன். இன்னிக்கு முடியல. கழட்டி வெச்சுட்டேன்."

தினமும்.

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவனுக்கு அழக் கிடைத்த மறைவு அந்தக் கண்ணாடி ஒன்றுதான். வீட்டுக்கு வந்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

முடிச்சை அவிழ்த்தாள். வாடிய பூ பாயில் உதிர்ந்தது.

அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவள் விடவில்லை.

பால் வரவில்லை.

அழுத்தினாள். வலிக்க வலிக்கப் பிதுக்கினாள். ஒரு சொட்டு இல்லை. வற்றித் தொலையாதா என்று எத்தனை முறை கேட்டிருப்பாள். கேட்டது கிடைத்துவிட்டது.

அவன் அப்போதுதான் அழுதான். வாய்விட்டு, மூக்கு ஒழுக, அக்கம்பக்கம் பார்க்காமல், அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அந்தச் சத்தத்துக்குச் சுரந்தது.

வலது கண்ணில் விட்டாள். இமையை விரலால் பிரித்து இடது கண்ணில் விட்டாள். அவள் கண்ணீரும் அதோடு சேர்ந்து விழுந்தது.

கதவு தட்டப்பட்டது.

"கெடச்சிருச்சு கண்ணு. கதவத் தொற."

இருட்டில் இருவரும் மூச்சுக்கூடக் காட்டாமல் இருந்தார்கள்.